பர்மாத் தேக்கும் மாந்தலே அரசும்

தமிழகத்துப் பழைய வீடுகளின் தூண்களையும் நிலைக்கதவுகளையும் சுட்டிப் "பர்மாத் தேக்கு" என்று பெரியோர் பெருமிதத்துடன் கூறுவதுண்டு. அத்தேக்கை விற்ற வணிக நிறுவனங்களுள் முதன்மையானது பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வாலஸ் சகோதரர்கள் அதனை 1863ஆம் ஆண்டு பம்பாயில் நிறுவினர். அப்போது கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. மேல் பர்மாவை மாந்தலே அரசர்கள் ஆண்டனர். வளமிக்க தேக்குக் காடுகள் பல அரசரின் எல்லைக்குள் இருந்தமையால், கழகம் அவற்றைக் குத்தகைக்கு எடுத்தது.

தேக்கு வணிகம் பொறுமையை வேண்டுவது. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆகவே மரத்தின் அடிப்பகுதியில் பட்டையையும் வெளிமரத்தையும் வைரம் தெரியும்வரை வளையமாக வெட்டிவிட்டு, நின்றநிலையிலேயே உலரும்படி இரண்டு மூன்று ஆண்டுகள் விட்டுவைத்தனர். பின்னரே மரம் வீழ்த்தப்பட்டது. யானைகள் கட்டைகளை ஓடைக்கரைக்கு இழுத்துவந்தன. மழைவெள்ளம் அவற்றைப் பேராற்றில் சேர்த்தது. அங்கே தெப்பமாகப் பிணைத்து ஆலைகளுக்கு மிதக்கவிட்டனர். மழை பொய்த்த ஆண்டில் கட்டைகள் ஓடையிலேயே கிடக்கும். முதலும் அங்கேயே முடங்கும். இன்னார் மரம் இது என்பதற்கு ஒவ்வொரு கட்டையிலும் சுத்தியலால் முத்திரை பொறிக்கப்பட்டது. இரங்கூன், மௌல்மேன் நகரங்களின் நீராவி அறுவை ஆலைகளில் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தொழிலாளரும் உழைத்தனர். ஆலை முற்றத்தில் கட்டைகளை அடுக்கியவையும் யானைகளே.

இத்தகைய தொழிலில் எண்ணிக்கையே வழக்கின் வித்து. நிங்யான் காட்டு மரங்கள் சித்தாங் ஆற்றின் வழியே ஆங்கிலேயர் எல்லைக்குள் சென்றன. வெட்டிச் சென்ற கட்டைகளுக்கு உரிய தொகையைக் கழகம் செலுத்தவில்லை என 1885ஆம் ஆண்டு அரசவை தீர்த்து, ஏறத்தாழ 23 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. கழகம் மறுத்தது, ஆங்கில அரசு துணைநின்றது. அக்டோபரில் இறுதி எச்சரிக்கை சென்றது. நவம்பரில் ஐராவதி ஆற்றில் நீராவிக் கப்பல்கள் படையுடன் ஏறின. நவம்பர் 28ஆம் நாள் மாந்தலே பணிந்தது. 1886 ஜனவரி முதல் நாள் மேல் பர்மா ஆங்கிலப் பேரரசுடன் இணைக்கப்பட்டது.

மரக்கணக்கு ஒன்றே போருக்குக் காரணம் என்பது மிகை. அவ்வாண்டின் தொடக்கத்தில் மாந்தலே அரசு பிரெஞ்சுக்காரருடன் செய்துகொண்ட உடன்படிக்கை ஆங்கிலேயரை அச்சுறுத்தியிருந்தது. எனினும் படையெடுப்புக்கு வாய்ப்பான சாக்கு தேக்குக் காட்டிலிருந்தே கிடைத்தது. திபோ மன்னர் முதலில் சென்னைக்கும், பின்னர் இரத்தினகிரிக்கும் நாடுகடத்தப்பட்டார். 1916ஆம் ஆண்டு அங்கேயே உயிர்நீத்தார்.

கழகமோ ஆயிரக்கணக்கான யானைகளுடன் மேலும் வளர்ந்தது. 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் படையெடுப்பு அவ்வணிகத்தைக் குலைத்தது. 1948இல் விடுதலை பெற்ற பர்மிய அரசு தேக்குத் தொழிலை நாட்டுடைமையாக்கியது. ஆயினும் கழகத்தின் மற்றொரு கிளை அதற்கு முன்பே தமிழ் மண்ணில் வேரூன்றியிருந்தது. 1929ஆம் ஆண்டு சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்று, அங்கே தேயிலை பயிரிட்டது. இன்று மாஞ்சோலை என நாம் அறியும் மலை அதுவே.