இயற்கை வரலாற்றுப் பழநூல் சேகரிப்பு

தாவரங்கள், விலங்குகள், தோட்டக்கலை ஆகியவை பற்றி அச்சான பழைய நூல்களைத் தேடி வாங்கித் தொகுத்துப் பட்டியலிட்டுக் காக்கும் வழக்கத்தை இத்தலைப்பு குறிக்கிறது. இதைச் செல்வர்களின் பொழுதுபோக்காகவும் அழகிய படங்கள் மீதுள்ள மோகமாகவும் பார்ப்பவர்கள் பலர். அந்தப் பார்வை வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. இயற்பியலில் 1750-ஆம் ஆண்டு நூல் ஒன்று இன்று வரலாற்றாசிரியருக்கு மட்டுமே தேவைப்படும். தாவரவியலில் நிலைமை வேறு. ஓர் இனத்துக்கு முதலில் முறைப்படி வெளியான பெயரே செல்லும் என்பது அத்துறையின் அடிப்படை விதி. தாவரங்களின் பெயர்க்கணக்கு சுவீடன் தாவரவியலாளர் லின்னேயசின் 1753-ஆம் ஆண்டு நூலான ‘ஸ்பீசியஸ் பிளாண்டாரம்’ முதல் தொடங்குகிறது; விலங்குகளுக்கு 1758-இல் வந்த ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பு தொடக்கம். ஆகவே இன்று மேற்குத்தொடர்ச்சி மலையில் ஒரு செடியைப் புதிய இனம் என்று அறிவிக்க விரும்புபவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவர் அதற்குப் பெயர் வைத்துவிட்டாரா என்று பார்த்தே தீர வேண்டும். அந்தப் பழைய நூல் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரு சேகரிப்பாளரே காரணம். பழநூல் சேகரிப்பு இந்த அறிவியலின் ஓரத்தில் நின்ற பழக்கமன்று, அதன் வேலைமுறையிலேயே ஓர் அங்கம் என்பதற்கு அதன் வரலாறு போதிய சான்று தருகிறது.

அச்சுக்கலை பரவியதும் மூலிகை நூல்கள் ஐரோப்பாவில் பெருகின. ஓட்டோ புரூன்ஃபெல்சின் நூல் 1530-இலும், லியோன்ஹார்ட் ஃபுக்சின் நூல் 1542-இலும் நேரில் பார்த்து வரைந்த மரச்செதுக்குப் படங்களுடன் வெளியாயின. ஃபுக்ஸ் தம் நூலின் இறுதியில் ஓவியர் இருவரையும் செதுக்கியவரையும் உருவப்படங்களாகவே அச்சிட்டார். அவரது காலத்தவரான சூரிக் நகரத்து கான்ராட் கெஸ்னர், விலங்குகளைப் பற்றிய பெருநூலை எழுதுவதற்கு முன்பே, 1545-இல், கற்றோர் மொழிகளில் வெளிவந்த நூல்களுக்கெல்லாம் ஒரு பொதுப் பட்டியலை வெளியிட்டிருந்தார். நூல்களைத் தொகுப்பதும் உயிர்களைத் தொகுப்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரு பகுதிகள். லின்னேயசும் இவ்வழியே வந்தவர். 1736-இல் வெளியான அவரது ‘பிப்லியோதெகா பொட்டானிகா’ தாவரங்களை வகுப்பதுபோலத் தாவர நூல்களையே வகுத்து வைக்கிறது. அவரும் அவர் மகனும் மறைந்தபின், 1784-இல், நூலகமும் உலர்தாவரத் தொகுப்பும் ஏறத்தாழ ஆயிரம் கினிக்கு விற்பனையாகிக் கப்பலேறின. வாங்கியவர் ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித் என்ற இளம் ஆங்கிலேய மருத்துவ மாணவர். நான்கு ஆண்டுகளில் லண்டனில் லின்னேயன் சங்கம் பிறந்தது. ஸ்மித்தின் மறைவுக்குப் பின் சங்கமே அந்நூல்களையும் மாதிரிகளையும் விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. ஒரு தனிமனிதர் வாங்கிய புத்தக அலமாரி ஓர் அறிவியல் சங்கத்தின் மையமானது.

ஸ்மித்தை அந்தக் கொள்முதலுக்குத் தூண்டியவர் இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ். லண்டன் சோஹோ சதுக்கத்தில் அவர் வைத்திருந்த நூலகம் அக்கால ஆய்வாளர்களுக்குத் திறந்தே இருந்தது. அதைவிட முக்கியம், அவருடைய நூலகர் யோனாஸ் டிரையாண்டர் தயாரித்து 1796 முதல் 1800 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த பட்டியல். நூல்களைத் தனித்தனியாகக் குறித்ததோடு அவர் நிற்கவில்லை. சங்க வெளியீடுகளில் சிதறிக் கிடந்த கட்டுரைகளையும் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கினார். நூலகத்தைப் பார்த்தே இராத ஒருவரும், தம் பொருளில் என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அதைக் கொண்டு அறிய முடிந்தது. சேகரிப்பு பயனுள்ளதாவது பட்டியலான கணத்தில்தான். பின்னர் ஜெர்மானியர் பிரிட்செல் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலும், ஸ்டாஃப்ளூ, கௌவன் இருவரும் 1976 முதல் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் தாவரவியல் நூல்களுக்குச் செய்ததெல்லாம் டிரையாண்டர் போட்ட பாதையிலேயே நடந்தது. பேங்க்சின் நூல்கள் 1827-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

பட்டியலிடுவோர் எதிர்கொண்ட கடினமான கேள்வி தேதி. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் படங்கள் நிறைந்த இயற்கை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சந்தாதாரருக்குப் பகுதி பகுதியாக, சில நேரம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரை நீண்டு வெளிவந்தன. எல்லாப் பகுதிகளும் வந்து சேர்ந்ததும் வாங்கியவர் அவற்றைப் பைண்டரிடம் கொடுப்பார். பைண்டர் ஒவ்வொரு பகுதியின் மெல்லிய காகித மேலுறையைக் கிழித்தெறிந்துவிட்டு, கடைசியில் வந்த தலைப்புப் பக்கத்தை முன்னால் வைத்துத் தோலட்டை போட்டுவிடுவார். பகுதி எந்த மாதம் வெளியானது என்பது பெரும்பாலும் அந்த உறையில் மட்டுமே அச்சாகியிருந்தது. இரண்டு ஆசிரியர்கள் ஒரே பறவைக்கு ஒரே ஆண்டில் வெவ்வேறு பெயர் வைத்திருந்தால், எந்தப் பெயர் நிற்கும் என்பதை ஒரு மாத வித்தியாசம் தீர்மானிக்கும். அந்த மாதம் குப்பைக்குப் போயிருக்கும். லண்டனில் சார்லஸ் டேவிஸ் ஷெர்போர்ன் 1758 முதல் 1850 வரை விலங்குகளுக்கு இடப்பட்ட பெயர்களையெல்லாம் திரட்டும் வேலையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்து, 1902-க்கும் 1933-க்கும் இடையே ‘இண்டெக்ஸ் அனிமாலியம்’ நூலை வெளியிட்டார். பெயர்களைத் திரட்டும்போதே நூல்கள் உண்மையில் வெளியான நாள்களையும் அவர் ஒவ்வொன்றாகத் துருவினார். உறை கிழியாத பிரதியைத் தேடிப் பிடித்து வைத்திருந்தவர்கள் இல்லாமல் இந்த வகை உழைப்பு முடிவுக்கு வராது. கட்டப்படாத, உறையோடு கூடிய பகுதிகளுக்குப் பழநூல் சந்தையில் தனி மதிப்பு இருப்பதைக் கிறுக்குத்தனம் என்று சொல்பவர்கள் இந்தப் பின்னணியைக் கவனிப்பதில்லை.

இன்று இதற்கெதிராக எழும் வலுவான கேள்வி, மின்பதிப்பு வந்தபின் பழைய பிரதிகள் எதற்கு என்பது. 2006-இல் தொடங்கிய பல்லுயிர் மரபு மின்னூலகம் ஆறு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களை யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்துள்ளது. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல இடமே இல்லை; மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் மாணவர் 1790-ஆம் ஆண்டு நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்ட முடிவது பெரிய விடுதலை. ஆனால் மின்பதிப்பு ஒரு நூலின் ஒரு பிரதியைத்தான் காட்டுகிறது. கையால் வண்ணம் தீட்டிய படங்களில் ஒரு பிரதியின் பச்சை இன்னொன்றின் பச்சையாக இராது. பூவிதழின் நிறத்தை அடையாளமாகக் கொள்ளும் ஆய்வாளர் எந்தப் பிரதியை நம்புவது? ஜான் சிப்தார்ப்பின் பெயரால் 1806 முதல் 1840 வரை பத்துத் தொகுதிகளாக வந்த ‘ஃப்ளோரா கிரேக்கா’ முதலில் முப்பது பேருக்கும் குறைவான சந்தாதாரருக்கே சென்றது. பின்னர் போன் என்ற லண்டன் வணிகர் அதை மறுபடி வெளியிட்டார். இரண்டையும் பிரித்தறியக் காகிதத்தின் நீர்க்குறியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். டார்வின் தம் நூல்களின் ஓரங்களில் எழுதிய குறிப்புகள் அந்தப் பிரதிகளில் மட்டுமே உள்ளன. மின்பதிப்பு வாசகனுக்கு நூலைக் கொடுக்கிறது. ஐயம் வரும்போது சரிபார்க்கப் பிரதிகள், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள், வேண்டியிருக்கின்றன.

நிறுவனங்களே இவற்றைக் காக்கட்டும், தனியார் எதற்கு என்ற வாதமும் வரலாற்றில் நிற்பதில்லை. லண்டனின் தோட்டக்கலைச் சங்கம் 1804-இல் தோன்றியது. பணமுடையில் சிக்கி 1859-இல் தன் நூலகத்தையே ஏலத்தில் விற்றுவிட்டது. தானே பணம் கொடுத்து வரைவித்த சீனத் தாவர ஓவியங்களும் அதில் போயின. அவற்றில் சில மட்டும் பின்னாளில் திரும்பி வந்தன. சங்கத்தின் நூலகம் மறுபடி உயிர்பெற்றது, தாவரவியலாளர் ஜான் லிண்ட்லியின் சொந்த நூல்களை 1866-இல் வாங்கியதால். இன்றும் அது அவர் பெயராலேயே விளங்குகிறது. வேல்ஸைச் சேர்ந்த ரெஜினால்ட் கோரியின் சேகரிப்பும் அவருடைய உயில்படி அதனுடன் சேர்ந்தது. அமெரிக்காவில், தாமே நூல் கட்டும் கலை பயின்ற பிட்ஸ்பர்க்கின் ரேச்சல் ஹண்ட் சேர்த்த தாவர நூல்கள் 1961-இல் ஒரு பொது ஆய்வு நூலகமாகத் திறக்கப்பட்டன. அவருடைய நூல்களுக்கு எழுதப்பட்ட விரிவான பட்டியல் இன்றும் நூலகர்களும் வணிகர்களும் சான்று காட்டும் நூல். வர்ஜீனியாவில் ரேச்சல் மெலன் தம் தோட்டத்தையும் ஓக் ஸ்பிரிங் நூலகத்தையும் சேர்த்தே வளர்த்தார். அவருக்குத் தோட்டத்தில் வேலை செய்வதற்கான கருவிகளில் நூலும் ஒன்று.

பணக்காரர்களின் போட்டி நூல்களை எட்டாத விலைக்கு உயர்த்திவிட்டது என்ற குறை உண்மையே. ஆடுபனின் ‘பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ பிரதி ஒன்று 2010 டிசம்பரில் லண்டனில் 73 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஆர்பாத் பிளெஷ் என்ற சேகரிப்பாளரின் தாவர நூலகம் 1975-76-இல் ஏலத்தில் சிதறியது. அதிலிருந்து நிறைய வாங்கிய பெல்ஜிய நாட்டு ராபர்ட் டி பெல்டரின் தொகுப்பும் 1987-இல் அதே வழியில் போனது. ஒரு வாழ்நாள் முழுக்கத் தொகுத்தது சில நாள்களில் கலைவது வருத்தத்துக்குரியது. ஆனாலும் ஏலத்தில் முழுநூலாக விற்கப்பட்டது முழுநூலாகவே இருக்கிறது. பெருந்தீங்கு வேறிடத்தில் நடக்கிறது: படங்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்துச் சட்டமிட்டு விற்பது. நூலாக ஒருவர் வாங்குவார். 435 படங்களாக 435 பேர் வாங்குவார்கள், கூட்டுத்தொகையும் அதிகம். ஏறத்தாழ இருநூறு பிரதிகள் வந்த ஆடுபன் நூல் இன்று முழுமையாக 120 அளவிலேயே எஞ்சியிருக்கிறது. சுவரில் தொங்கும் படத்தில் விளக்கவுரை இல்லை, பக்க எண் இல்லை, தேதி இல்லை. நல்ல விலை கொடுத்து முழுப் பிரதியை வாங்கிப் பூட்டி வைக்கும் செல்வரைவிட, மலிவு விலைக்கு ஒரு தாளை வாங்கும் அலங்கார ரசிகர் இங்கே அதிகம் கெடுக்கிறார். இது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். ஆனால் செல்வரின் பூட்டு என்றாவது திறக்கும், கத்தரித்தது ஒட்டாது.

சேகரிப்பாளர்களின் உண்மையான குறை வேறு: அவர்கள் பெரிய அளவு, அழகிய படம், மன்னர் பெயர் இவற்றின் பின்னால் ஓடினார்கள். ஐஷ்டெட் ஆயரின் தோட்டத்தைப் பதிவு செய்து 1613-இல் வந்த பெசலரின் பெருநூல் பல நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது. மண்கையோடு புரட்டப்பட்டு, ஈரத்தில் நைந்து போன சிறிய தோட்டக் கையேடுகளும் விதை விலைப்பட்டியல்களும் அதைவிட அரிதாகிவிட்டன. அமெரிக்க வேளாண்துறையின் நூலகத்தில் 1904-இல் பெர்சி ரிக்கர் என்ற தாவரவியலாளர் தொடங்கிய விதை, நாற்றுப்பண்ணை விலைப்பட்டியல் தொகுப்பு இரண்டு லட்சத்தைத் தாண்டியிருப்பது இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஒரு தக்காளி ரகம் எந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது, எப்போது மறைந்தது என்பதை அவையே சொல்கின்றன.

இந்தியா இந்த வரலாற்றில் தொடக்கம் முதலே இருக்கிறது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் அறிவைப் பெரிதும் சார்ந்தது. அதன் படங்களில் பலவற்றை லின்னேயஸ் தம் பெயர்களுக்கு ஆதாரமாகக் கொண்டதால், அந்த அச்சுப் படங்களே சில இனங்களுக்கு வகைமாதிரியாக, அதாவது பெயர் எதைக் குறிக்கிறது என்பதை நிலைநிறுத்தும் சான்றாக, நிற்கின்றன. ராக்ஸ்பர்கின் சோழமண்டலக் கரைத் தாவர நூல் 1795 முதல் 1820 வரை 300 படங்களுடன் லண்டனில் வந்தது. ராபர்ட் வைட்டின் ‘ஐகோனஸ்’ சென்னையிலேயே 1838 முதல் 1853 வரை கல்லச்சில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாக அச்சானது. இவையெல்லாம் காலனி ஆட்சியின் கொள்ளைப் பதிவுகள், இவற்றைப் போற்றிச் சேகரிப்பது அதைத் தொடர்வதே என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். அறிவு ஒரு பக்கமும் புகழ் மறுபக்கமும் போனது மறுக்க முடியாதது. ஆனால் அதை நிறுவும் சான்று இந்நூல்களுக்குள்ளேயே இருக்கிறது. ராக்ஸ்பர்கின் படங்களை வரைந்த இந்திய ஓவியர்களின் பெயர் நூலில் இல்லை. வைட்டின் படத்தாள்களில் ரங்கையா, கோவிந்து என்ற பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே இட்டார். படத்தின் ஓரத்தைக் கத்தரித்துச் சட்டமிட்டால் முதலில் போவது அந்தக் கையொப்பம்தான். சேகரிப்பு ஐரோப்பியரின் தனிச்சொத்தாகவும் இருக்கவில்லை: 1798 முதல் 1832 வரை தஞ்சையில் ஆண்ட இரண்டாம் சரபோஜி, சுவடிகளோடு ஆயிரக்கணக்கான ஐரோப்பிய நூல்களையும் வாங்கிப் பலவற்றில் கையெழுத்திட்டார்; இயற்கை வரலாற்று ஓவியங்களையும் வரைவித்தார். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் அவர் சேர்த்தவை 1918-இல் பொதுமக்களுக்கு உரியதாயின.

சேகரிப்பாளர் இல்லாதிருந்தால் ஒரு பெயரே மறைந்திருக்கும் என்பதற்குச் சென்னையிலிருந்தே சான்று உண்டு. எலிசபெத் குவில்லிம் என்பவர் சென்னை நீதிபதி ஒருவரின் மனைவி. 1801-இல் வந்து, 1807-இல் இங்கேயே இறந்தார். அந்தச் சில ஆண்டுகளில் சென்னைப் பறவைகளை, சில பெரியவற்றை உயிரளவிலேயே, நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களாக வரைந்தார். அவை அச்சேறவில்லை. கண் மருத்துவரும் பறவை நூல் சேகரிப்பாளருமான கேசி வுட், மொன்றியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் நூலகம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 1924-இல் லண்டன் வணிகர் ஒருவரிடம் அவற்றைக் கண்டு வாங்கி அங்கே சேர்த்தார். எலிசபெத்தும் அவர் தங்கை மேரியும் சென்னையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் நீர்நிலைகளிலும் தோப்புகளிலும் எந்தப் பறவைகள் இருந்தன என்பதைப் பதிவு செய்துவருகிறார்கள்.