வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும்

அல்லைப்பிட்டியின் மணலில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. 1977இல் ஜோன் கார்ஸ்வெல் ஆராய்ந்த அவ்வோடுகள் சுங் வம்சக் காலத்தவை. பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தாரும் அங்கு அகழாய்வு நடத்தினர். கையகல ஓடொன்றைக் கொண்டு கலத்தின் வாயையும் வயிற்றையும் கணக்கிட்டு வரைந்துவிடுகின்றனர் ஆய்வாளர். எந்தச் சூளையில் சுட்டது என்பதையும் தேடிச் செல்கின்றனர். பழைய பியானோ ஒன்றின் இல்லாத உறுப்புகளை மீண்டும் ஆக்கித் தரும் தொழிலாளர் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். ஆனால் அவரிடம் எவரும் சூளையைப் பற்றிக் கேட்பதில்லை.

பியானோவுக்கும் இந்தத் தீவுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் வினவலாம். யானைதான் உறவு.

அல்லைப்பிட்டி கிடக்கும் அதே தீவின் மறுகோடியில் ஊர்காவற்றுறை இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் தமிழில் பொறித்துவைத்த சாசனம் அத்துறையைப் பற்றியதே: யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு, பிற சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. பின்னாளில் வன்னியிற் பிடிபட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து வந்து இத்துறையிலே கப்பலேறின. கயிற்ஸ் என்ற பெயரே யானைத்துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பர். இங்கே விலைபோனது உயிருள்ள யானை. இலங்கை யானைகளுள் கொம்பன்கள் மிகச் சில. பியானோவின் வெள்ளைக் கட்டைகளுக்கான தந்தம் இந்துமா கடலின் மறுகரையிலிருந்து, ஆபிரிக்காவிலிருந்து போயிற்று.

நிமிர்ந்து நிற்கும் பியானோ 1800ஆம் ஆண்டையொட்டி பிலடெல்பியாவிலும் வியன்னாவிலும் தனித்தனியே உருவானது. சுவரோடு சாய்த்து வைக்கலாம், விலையும் குறைவு. நடுத்தர வர்க்கத்தின் கூடத்தில் அது புகுந்தது. 88 கட்டைகள்: 52 வெள்ளை, 36 கறுப்பு. வெள்ளைக் கட்டை உண்மையில் மென்மரம். அதன்மேல் மெல்லிய தந்தத் தகடு. முன்பக்கத்துக்கு ஒன்று, கறுப்புக் கட்டைகளின் இடையே செல்லும் வாலுக்கு ஒன்று என இரண்டு துண்டுகள். இரண்டும் சந்திக்கும் மயிரிழைக் கோட்டைக் கண்டதுமே கைபழகியவர் இது தந்தமெனச் சொல்லிவிடுவார்.

அமெரிக்காவுக்கு வந்த தந்தத்தின் மிகப் பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்து டீப் றிவர், ஐவரிட்டன் என்னும் இரு சிற்றூர்களில் அறுக்கப்பட்டது. ஊரின் பெயரே தந்தத்தால் வந்தது! அறுத்த தகடுகளைக் கண்ணாடிக் கூடங்களில் வெயிலிலிட்டு வெளுக்க வைத்தனர். 1816இல் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த மிஷனரிமாரை அனுப்பிய நியூ இங்கிலாந்துதான் இது. டீப் றிவரில் தந்தத் தொழில் நடத்திய ஜோர்ஜ் றீட் அடிமை ஒழிப்பாளர். தென்மாநிலத்திலிருந்து தப்பி வந்த அடிமை ஒருவருக்குப் புகலிடம் தந்தவர். அவருடைய பட்டறைக்கு வேண்டிய தந்தமோ அடிமைச் சந்தை நடந்த சான்சிபார் வழியாகப் பெயர்ந்து வந்துகொண்டிருந்தது. அச்சந்தை 1873 வரை மூடப்படவில்லை. றீட்டைப் போலி என்று திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. கண்முன் நின்ற அடிமையை அவர் கண்டார். தகட்டுக்குள் இருந்தவனைக் காணவில்லை. வணிகத்தின் நீண்ட சங்கிலி மனிதனின் நல்ல கண்ணையும் இப்படி மறைத்துவிடுகிறது.

தந்தம் சுமந்தோர் அனைவரும் அடிமைகள் என்று எழுதுவதும் பிழை. நியாம்வேசி மக்கள் பலர் கூலிக்குச் சுமந்தனர். தங்கனீக்கா ஏரிப்புறத்திலிருந்து கரைக்கு மாதக்கணக்கான நடை. கூலிக்காகவும் உணவுக்காகவும் அவர்கள் வழியிலேயே சுமையை இறக்கிவைத்து வேலைநிறுத்தம் செய்ததும் உண்டு. இசை வரலாற்று நூல்களில் இதற்கு இடமில்லை.

கறுப்புக் கட்டை கருங்காலி. அட்டக் கரியதென உலகச் சந்தையில் பெயர்பெற்றது இலங்கைக் கருங்காலி. வரண்ட பிரதேசக் காடுகளின் மரம். மெல்ல வளரும், வெட்டியது விரைவு.

உப்புக் காற்று வீசும் கரையில் பியானோ நீண்டநாள் தாங்காது. கம்பி துருவேறும்; சுத்தியலின் கம்பளியை அந்துப்பூச்சி தின்னும்; மென்மரத்தைக் கறையான் கொள்ளும். மாரி ஈரத்தில் கட்டைகள் ஊதி ஒன்றோடொன்று இறுகும். பசை விட்டுத் தகடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிழும். கறுப்புக் கட்டை மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

கழன்றுபோன தந்தத் தகட்டுக்கு எங்கே போவது? ஆபிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்தை 1989இல் உலக நாடுகள் தடைசெய்தன. அதற்கு முன்பே, 1950களில், பிளாஸ்டிக் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஆகவே, செத்துப்போன இன்னொரு பியானோவின் தகடுகளைக் கழற்றி, நிறமும் தடிப்பும் ஒத்துப் பார்த்து ஒட்டுகின்றனர் சிலர். தந்தம் ஒளியைச் சற்று உள்ளே விடுமாதலால் அடியில் வெள்ளைத்துணி வைத்தே ஒட்டவேண்டும். இல்லையேல் மரத்தின் பழுப்பு மேலே தெரியும். வேறு சிலர் முழு வரிசையையும் உரித்துவிட்டுப் பிளாஸ்டிக் பதிக்கின்றனர். விடுபட்ட இடத்துக்கு மட்டும் புதுப்பொருள் வைத்து, அது புதியதெனத் தெரியவிடுவதே நேர்மை என்பது என் எண்ணம். பீங்கான் கலத்தை ஒட்டுவோரும் இல்லாத பகுதியை வெறும் சாந்தால் நிரப்பி, பூவேலையின்றி விடுவதுண்டு.

கட்டைகளைக் கழற்றும்போது முதற் கட்டையின் பக்கவாட்டைக் கவனிக்க வேண்டும். அதனை அறுத்துப் பொருத்திய தொழிலாளி, சிலவேளை தன் பெயரையும் தேதியையும் பென்சிலால் அங்கே எழுதியிருப்பான். தகட்டின் அடிப்புறத்தில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. உப்புத்தாள் கொண்டு மரத்தைத் தேய்க்குமுன் அந்தப் பென்சில் எழுத்தைப் படியெடுத்துக்கொள்வது நல்லது.