காவிரிப் படுகை வீடுகள்: நிலவறையும் பேஸ்மட்டமும்

வீட்டுத் தரைக்குக் கீழே மண்ணைத் தோண்டி அமைக்கும் அறை நிலவறை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வயல்சூழ்ந்த ஊர்களில் அது மிக அரிது. இங்கே வீட்டின் அடிப்பகுதி தரைக்கு மேலே எழுகிறது. கொத்தனார்கள் அதைப் பேஸ்மட்டம் என்பார்கள்.

காரணம் தண்ணீரும் களிமண்ணும். ஆற்றில் நீர் ஓடும் மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையிலும் நிலத்தடி நீர் மேலேறி வருகிறது. நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே தளம் போட்டால், சதுர மீட்டருக்கு 2 டன் வீதம் தண்ணீர் அதை மேலே தள்ளும். 100 சதுர மீட்டர் அறைக்கு 200 டன். மழைக்காலத்தில் காலியாகக் கிடக்கும் செப்டிக் டேங்க்கூட இப்படி மேலெழும்பிவிடுவதுண்டு. களிமண்ணோ கோடையில் வெடித்து மழையில் ஊதும். அதனால்தான் அஸ்திவாரக் குழியில் களியை அள்ளிவிட்டு மணல் நிரப்புகிறார்கள்.

வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் நிலைமை வேறு. உறைபனி இறங்கும் ஆழத்தைத் தாண்டி அஸ்திவாரம் போயாக வேண்டும். அவ்வளவு தோண்டியபின் இன்னும் சற்றுத் தோண்டி அறையாக்கிக்கொண்டார்கள். முழு நிலவறை, தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய தாழ்வறை, சரிவு நிலத்தில் ஒருபக்கம் வெளியே திறக்கும் அறை என அங்கே பல வகை. சமதரையான படுகையில் கடைசி வகைக்கு இடமே இல்லை.

தானியம் சேமிக்கும் நிலவறையின் வேலையை இங்கே பத்தாயமும் குதிரும் வைக்கோல் பிரி சுற்றிய சேரும் செய்தன. கோவைப் பக்கத்து வறண்ட மேட்டில் சோளத்தைக் குழியில் மூடிவைக்க முடிந்தது. படுகையின் ஈரத்தில் அப்படி வைத்த நெல் முளைத்துவிடும். பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர்கள் கட்டிய செங்கல் நெற்களஞ்சியமும் தரைக்கு மேலேதான் ஓங்கி நிற்கிறது. உலோகத்தை மட்டும் நம்பி மண்ணுக்குள் விட்டார்கள்: 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் மண் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகளும் தேவாரச் செப்பேடுகளும் கிடைத்தன.

பேஸ்மட்டத்தின் உயரம் குடும்பத்தின் வசதியையும் காட்டிவிடும். அக்கிரகாரத்து வீட்டில் படியேறித்தான் திண்ணைக்குப் போக வேண்டும். உழவுத் தொழிலாளியின் குடிசையில் மண்ணை மிதித்துப் போட்ட மேடை ஒரு முழம்கூட இராது. வெள்ளம் முதலில் அங்கேதான் நுழையும். வீட்டுவசதித் திட்டங்கள் கூரையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த உயரத்தைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும்.

இப்போது பேஸ்மட்டத்துக்குச் செங்கல் கட்டி, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுக் கெட்டித்து, மேலே பெல்ட் கான்கிரீட் போடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய சாலைமேலேயே புதுத் தார் போட, தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்தபிறகே புதுச்சாலை போட வேண்டுமென 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. ஏற்கெனவே தாழ்ந்துவிட்ட வீடுகளுக்கு இன்று ஒரு வழி உண்டு: அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைப் பகுதி பகுதியாக அறுத்து, வரிசையாக ஜாக்கி நிறுத்தி, வீட்டையே சில அடி தூக்கி, இடைவெளியில் புதுப் பேஸ்மட்டம் கட்டிவிடுகிறார்கள்.