சான்றிதழின் கதை: வட்டுக்கோட்டையிலிருந்து புலம்பெயர் மண்வரை

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் எமது முன்னோர் வழங்கிய முதுமொழி. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே எமது நாவில் கோறணமேந்து ஆயிற்று. எத்தொழிலாயினும் அது அரசாங்கத்தின் கீழ் அமைய வேண்டும், மாதம் முடியச் சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் கிடைக்க வேண்டும் என்ற ஒரு சமூகத்தின் வாழ்க்கை நோக்கு அவ்வொரு வரியில் அடங்கிவிடுகிறது. உத்தியோகத்துக்கு வழி சான்றிதழ். சான்றிதழுக்கு வழி பள்ளிக்கூடம். பல தலைமுறைகளாக நாம் நம்பிவந்த கணக்கு இது.

புலம்பெயர்ந்த மண்ணில் இந்தக் கணக்கை எமது பிள்ளைகள் கேள்விக்கு உள்ளாக்குகின்றனர். "அப்பா பட்டதாரி, உணவகத்தில் கோப்பை கழுவினார். பள்ளிக்கூடமே முடிக்காத மாமா கடை வைத்து வீடு வாங்கினார். நான் ஏன் படித்து முடிக்க வேண்டும்?" என்று கேட்கும் பிள்ளையை அதட்டுவது விடையாகாது. அக்கேள்வியில் நியாயம் உண்டு. அதற்குரிய விடையை எமது சொந்த வரலாற்றிலேயே தேடிப் பார்ப்போம்.

செமினரியும் முதற் பட்டதாரிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. கிணற்று நீரை இறைத்துச் செய்த தோட்டமும் பனையுமே பெரும்பாலான குடும்பங்களைத் தாங்கின. தலைமுறைதோறும் காணி துண்டுபட்டது. அத்தகைய மண்ணில் 1816 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் வந்து பள்ளிக்கூடங்களைத் திறந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையில் டானியல் பூவரின் தலைமையில் செமினரி ஆரம்பமாயிற்று. அடுத்த ஆண்டு உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது.

செமினரியில் ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானியலும் உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டன. சமய ஊழியர்களை உருவாக்குவதே மிஷனரிமாரின் நோக்கம். கற்க வந்தோரில் பலரின் நோக்கமோ வேறு. ஆங்கிலம் கற்றவருக்கு அரசாங்கக் கந்தோர்களில் இடம் கிடைத்தது. அவர்கள் அங்கே சென்றனர். மாணவர் உலகியல் உத்தியோகங்களை நாடுகின்றனர் என்ற குறை, 1855 இல் செமினரி மூடப்பட்டதற்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று. கல்வி எதற்காக என்ற கேள்வியில் கற்பித்தவரும் கற்றவரும் முரண்பட்ட முதற் சந்தர்ப்பம் அது எனலாம்.

இரண்டு ஆண்டுகளின் பின், 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது பி.ஏ. தேர்விலே சித்தியெய்தியவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்ற யாழ்ப்பாணத்தவர். தாமோதரம்பிள்ளை பின்னர் சட்டமும் பயின்று, புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கினார். அப்பதவிகளைத் தந்தது பட்டம். ஆனால் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பிக்கும் வேலையை எந்தப் பட்டமும் அவரிடம் கேட்கவில்லை. இன்று நாம் அவரை நினைப்பது அந்த வேலைக்காகவே.

இதே காலத்தில் நல்லூர் ஆறுமுக நாவலர் எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் பெறாதவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அச்சுக்கூடம் கண்டார், திருக்குறளைப் பரிமேலழகர் உரையுடன் பதிப்பித்தார். எனினும் அவர் மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிற் படித்து, அங்கேயே கற்பித்து, தமிழையும் சைவ நூல்களையும் துறைபோகக் கற்றவர் என்பதை மறந்துவிடலாகாது. பட்டம் பெறாதவர் வேறு, படிக்காதவர் வேறு. "படிக்காமலே முன்னேறியோர்" என்று இன்று எமது பிள்ளைகள் காட்டும் பல உதாரணங்களில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் செய்த பணியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியர்களாகப் பயிற்றினார். அவர்களிற் பலர் தமிழிலேயே பயின்றனர். கைப்பழக்கமும் நூலறிவும் ஒருசேரக் கற்பிக்கப்பட்ட அந்த முறை, தொழிற்கல்விக்கு எமது மண்ணில் இருந்த ஒரு நல்ல முன்மாதிரி.

உத்தியோகத்தின் பொற்காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் புகையிரதப் பாதைகள் அமைக்கப்பட்டபோது, ஆங்கிலமும் கணக்கும் அறிந்தோர் அங்கு பெருமளவில் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறினர். புகையிரத நிலையங்களிலும் நில அளவைப் பகுதியிலும் திறைசேரியிலும் எழுதுவினைஞர்களாக அமர்ந்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் கல்வீடுகள் எழுந்தன; கோயில்களும் பள்ளிக்கூடங்களும் திருத்தப்பட்டன. ஓய்வுபெற்றுத் திரும்பியோர் "மலாயன் பென்சனியர்" என்ற தனி மதிப்புடன் வாழ்ந்தனர். தென்னிலங்கையின் கந்தோர்களிலும் தபால், புகையிரதப் பகுதிகளிலும் இதே கதைதான். கேம்பிரிட்ஜ் சீனியர், இலண்டன் மற்றிக்குலேசன் ஆகிய தேர்வுகளின் பெயர்கள் கலியாணப் பேச்சுகளிலும் அடிபட்டன. நிலம் தராத வாழ்வைச் சான்றிதழ் தந்தது.

இந்தத் தேவையே பாடசாலைகளைப் பெருக்கியது. 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியையும், 1921 இல் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். 1945 இல் நாடு முழுவதும் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் கட்ட வழியற்ற வீட்டுப் பிள்ளையும் பல்கலைக்கழகத்தைக் கனவு காணலாயிற்று.

ஆயினும் இக்கதவு எமது மக்கள் எல்லோருக்கும் ஒருசேரத் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பள்ளிகளில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டவர்களும் நிலத்தில் இருத்தப்பட்டனர். 1930 ஐ ஒட்டிய காலத்தில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க வேண்டும் என்ற விதி வந்தபோது, அதனைக் கடுமையாக எதிர்த்தோரும், பள்ளிகளுக்குத் தீ வைத்தோரும் எம்மவரே. கல்வியின் பயனை அறிந்தவரே அதனை அயலவனுக்கு மறுக்கவும் துணிந்தனர் என்பது நாம் மறைக்கக் கூடாத வரலாறு.

கதவு மூடிய கதை

உத்தியோகத்தை நம்பிய சமூகத்துக்கு முதற் பேரிடி 1956 இல் விழுந்தது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியதுடன், ஆங்கிலத்தில் தேர்வெழுதிச் சேவையில் நுழைந்த தமிழ் உத்தியோகத்தர்களின் சான்றிதழ்கள் அதே இடத்தில் இருந்தன. அவற்றின் பெறுமதி மட்டும் மாறிவிட்டது. சிங்களத் தேர்ச்சி பெறாதவருக்குச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது.

கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் தமது சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குத் தொடர முடியாது என்று கூறி அத்தீர்ப்பை நீக்கியது. 1969 இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் அந்தக் காரணத்தை ஏற்க மறுத்து, மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு அமைவானதா என்பதைத் தீர்மானிக்குமாறு வழக்கை இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு எந்த நீதிமன்றமும் இறுதி விடை கூறவில்லை. தேர்விற் சித்தியெய்தி, வேலையைச் செய்துவந்த ஒருவர், தமது தகுதி செல்லுமா என்பதை அறிய ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த கதை இது.

எழுதுவினைஞர் வேலை கைநழுவியதும் பெற்றோரின் நம்பிக்கை வைத்தியத்தின் மீதும் பொறியியலின் மீதும் திரும்பியது. அங்கும் கதவு நெருக்கப்பட்டது. 1971 ஆம் ஆண்டு அனுமதியில், வைத்திய பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 229 புள்ளிகள் பெற்றாற் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டியதாயிற்று. பேராதனைப் பொறியியல் பீடத்தில் இவை முறையே 227, 250 ஆக இருந்தன. தொடர்ந்து வந்த தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் ஒரு தலைமுறையின் கோபத்துக்கு வித்திட்டன. 1974 இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1990 இன் பின், மின்சாரமற்ற குடாநாட்டில் எமது பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்திற் படித்து உயர்தரத் தேர்வு எழுதினர். வேலைக்கான உத்தரவாதம் எதுவும் எஞ்சியிராத அந்நாட்களிலும் அவர்கள் படிப்பதை நிறுத்தவில்லை.

எல்லை கடந்த சான்றிதழ்

1950களிலும் 60களிலும் எமது வைத்தியர்களும் பொறியியலாளர்களும் இங்கிலாந்துக்குச் சென்றபோது அவர்களது பட்டங்கள் அங்கே செல்லுபடியாயின. 1983 இன் பின் அகதிகளாக ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் வந்தவர்களில் ஆசிரியர், கணக்காளர், பட்டதாரிகள் இருந்தனர். பலர் உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் துப்புரவு வேலைகளிலும் ஒதுங்கினர். அவர்கள் கற்றது குறையவில்லை. அதனை எடைபோடும் தராசுதான் வேறாயிற்று. அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை பல நாடுகளில் வேலை செய்யவே தடை இருந்தது. முகவருக்குக் கொடுத்த கடன் ஒருபுறம். ஊரில் சகோதரிகளின் சீதனம் மறுபுறம். மீண்டும் படிக்கக் காலம் எங்கே?

சட்டங்கள் பிந்தியே அசைந்தன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வெளிநாட்டிற் பயின்றோரின் தகுதிகளை நியாயமாகப் பரிசீலிக்கப் பணிக்கும் சட்டம் 2006 இல்தான் நிறைவேறியது. யேர்மனியில், குடியுரிமை எதுவாயினும் தமது தொழிற் தகுதியை மதிப்பிடுமாறு கேட்கும் உரிமை 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1985 இல் முப்பது வயதில் வந்தவருக்கு அப்போது வயது ஐம்பத்தேழு.

பிள்ளைகள் கண்டது தந்தையின் இந்தத் தோல்வியையே. அவர்கள் காணாத ஒன்றும் உண்டு. பகலில் வேலை செய்து, இரவில் டொச்சையும் பிரெஞ்சையும் இலக்கணத்தோடு கற்றவர். அகதி விண்ணப்பத்தின் விதிகளை வாசித்து அயலவருக்கு விளக்கியவர். வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் கரும்பலகை முன் நின்றவர். சங்கத்தின் கணக்கைப் பிழையின்றி எழுதியவர் பெரும்பாலும் யார்? ஊரில் பள்ளிப் படிப்பை முடித்தவரே. சான்றிதழ் விமான நிலையத்தில் நின்றுவிட்டது. கற்கும் பழக்கம் அவருடன் உள்ளே வந்தது.

இனி என்ன செய்வோம்?

இவ்வரலாறு எமக்குக் கூறுவது இதுதான்: சான்றிதழின் பெறுமதியை நிர்ணயிப்பவர் கதவைக் காப்பவர். அவர் மாறும்போது அதுவும் மாறும். ஆனால் கதவு மாறுந்தோறும் மறுபடி கற்றுப் புதிய கதவைத் தட்டக்கூடியவர், அடிப்படைக் கல்வியை முடித்தவரே. ஆகவே பள்ளிக்கூடத்தை முடிப்பது வேறு, பட்டம் பெறுவது வேறு என இரண்டையும் பிரித்து நோக்க வேண்டும்.

முதலாவதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. கடை வைத்து முன்னேறிய மாமாவின் துணிவைப் போற்றுவோம். அவர் போலக் கடை வைத்து இழந்தவர்களையும் எண்ணுவோம். வாடகை ஒப்பந்தத்தையும் வரிக் கடிதத்தையும் தாமே வாசிக்க முடியாதவர், எந்த நாட்டிலும் பிறர் கையை நம்பியே வாழ வேண்டும். குடும்பக் கடனை அடைக்கப் பதினாறு வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது, அக்கடனை அப்பிள்ளையின் முழு வாழ்நாளுக்கும் மாற்றி எழுதுவதாகும்.

இரண்டாவதில் எமது பெற்றோர் சற்று இளக வேண்டும். வைத்தியர், பொறியியலாளர் அல்லது ஒன்றுமில்லை என்ற நினைப்பு, ஊரில் வேறு கதவுகள் இல்லாத காலத்தில் பிறந்தது. சுவிற்சர்லாந்தில் இளையோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கட்டாயப் பள்ளியை முடித்தபின் தொழிற்பயிற்சியிற் சேர்கின்றனர். வேலைத்தலத்தில் சில நாள், தொழிற்பள்ளியில் சில நாள் என மூன்று நான்கு ஆண்டுகள் பயின்று, நாடெங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் பெறுகின்றனர். 1990களில் அங்கு ஏற்படுத்தப்பட்ட தொழில்சார் உயர்தரத் தகைமையின் மூலம், அவ்வழியே சென்றவரும் பின்னர் உயர்கல்விக்கு ஏறலாம். யேர்மனியிலும் இத்தகைய முறை வேரூன்றியுள்ளது. மின்னியல், மருத்துவத் தாதிமை, இயந்திரவியல் முதலிய துறைகளில் இவ்வாறு பயின்ற பிள்ளையை "பல்கலைக்கழகம் போகாதவன்" என விருந்துகளில் தாழ்த்திப் பேசுவது அறியாமை. மானிப்பாயில் கிறீனிடம் பயின்றவர்களை எமது ஊர் அவ்வாறு தாழ்த்தவில்லை.

பட்டம் பெறும் ஆற்றலும் விருப்பமும் உள்ள பிள்ளை, ஆணோ பெண்ணோ, அதனைப் பெறட்டும். வைத்தியம், சட்டம், ஆசிரியம் போன்ற துறைகளில் அதுவின்றி நுழைய முடியாது. ஆனால் எந்த வழியாயினும் அதனைப் பாதியில் விடாது முடிக்கட்டும். இன்றும் புதிதாக வந்துசேரும் எம்மவருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பித்துப் பத்திரப்படுத்துங்கள், தகுதி மதிப்பீட்டுக்கு உடனே விண்ணப்பியுங்கள், வேலை கிடைத்துவிட்டது என்று மொழி வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். எமக்கு முன் வந்தவர்கள் இருபது ஆண்டுகள் காத்திருந்து பெற்ற உரிமை அது.