பரணில் விட்டுவந்த அச்சாறு

 

இந்தக் கிழமை எங்கள் வீட்டில் தக்காளிக்காய் அச்சாறு போட்டோம். தோட்டம் ஓய்ந்து செடி காயும்போது பழுக்காமல் நிற்கிற காய் நிலத்திலேயே அழுகிப்போகும். அதை வெட்டி, உப்பில் ஓர் இரவு வைத்துப் பிழிந்து, கடுகு, வெள்ளைப்பூடு, பச்சைமிளகாய், வினாகிரியோடு கொதிக்கவைத்து அடைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

அச்சாறு என்ற சொல் பாரசீகத்தில் பிறந்தது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸ் 1492இல் கடல் கடக்கும்வரை நம் பக்கத்தில் எவரும் அவற்றைக் கண்டதில்லை. ஆகவே "ஆதிகாலத்து அச்சாறு" என்று எவரும் பெருமை பேச வேண்டாம், நாங்களும் சேர்த்துத்தான்!

போத்தலை மூடி வெந்நீரில் அவிக்கிற முறைக்கு வழிகாட்டியவர் நிக்கொலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர். படைக்கு உணவு கெடாமல் கொண்டுபோக வழி தேடிய பிரெஞ்சு அரசு 1810இல் அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமிகளின் வேலையை பாஸ்டர் விளக்க இன்னும் 50 வருடம் சென்றது. அவித்தால் மட்டும் போதாது, புளிப்பும் வேண்டும். வினாகிரியைக் குறைத்து வீட்டில் சோதனை செய்யாதீர்கள். புளிப்புக் குறைந்த மூடிய போத்தலில் உயிரைக் குடிக்கும் நஞ்சு உண்டாகலாம்.

உம்மம்மாவுக்கு அப்பேரும் தெரியாது, பாஸ்டரும் தெரியாது. தண்ணீரூற்று வீட்டுப் பரணில் தேசிக்காய்ச் சாடி, மாங்காய்ச் சாடி, தக்காளிக்காய்ப் போத்தல் எல்லாம் வரிசையாக இருந்தனவாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவை அப்படியே நின்றன. கைக்குழந்தையைத் தூக்குவதா, சாடியைத் தூக்குவதா? அந்தக் கைக்குழந்தைகளில் ஒருவர்தான் இதை எழுதுகிறோம்.

புத்தளத்து முகாமில் உம்மம்மா அச்சாறு போட்டார், ஆனால் ஒரு கிழமைக்கு மேல் காணாது. "அடுத்த மாசம் எங்க இருப்பமோ, ஆருக்குத் தெரியும்" என்பார். அங்கே உப்பளம் பக்கத்தில், உப்புக்குப் பஞ்சமில்லை. வருடங்கள் போயின; கொட்டில் கல்வீடானது. அப்போதும் அவர் பெரிய சாடி வாங்கவில்லை.

அதே காலத்தில் வன்னியில் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சொட்டு எண்ணெயில் விளக்கெரித்த கதையை ஒட்டுசுட்டானில் மூத்தவர்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அச்சாறு அடைக்க வேண்டிய போத்தலில் பிள்ளைகள் படித்தார்கள். 2008 கடைசியில் அவர்களும் அடுப்படியை அப்படியே விட்டு ஓடினார்கள். யார் யாருடைய பரணில் என்ன இருந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

யுத்தம் முடிந்து திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை. பற்றைக்குள் ஒரு சாடியின் அடிப்பாகம் மட்டும் கிடந்தது. உம்மம்மா அதைக் கழுவிக் கோழிக்குத் தண்ணீர் வைத்தார். கூரை போட்ட வருடம்தான் எங்களைச் சந்தைக்கு அனுப்பினார்: "பத்துப் போத்தல் வாங்கி வா, மூடி இறுக்கமானதாப் பார்." பக்கத்து வீட்டு அக்கா தன் தோட்டத்துத் தக்காளிக்காயை ஒரு கடகம் நிறையக் கொண்டுவந்து, எங்களோடிருந்து வெட்டினார். நாலு போத்தல் அவருக்குப் போனது.

இம்முறையும் பத்துத்தான். போன வருடம் அச்சாறு வாங்கிப்போனவர்கள் தயவுசெய்து வெறும் போத்தலைத் திருப்பித் தாருங்கள். ஆறு இன்னும் வரவில்லை.