கேம் காயினுக்கு எவ்வளவு போகுது? சம்பளத்தையும் நேரத்தையும் வைத்து ஒரு கணக்கு

பெங்களூருவில் பிஜிஎம்ஐ ஆடாத ஷேரிங் ஃபிளாட் குறைவு. ராத்திரி ரெண்டு மேட்ச், கொஞ்சம் யூசி டாப்-அப். கேம் ஆடுறது தப்பில்லை. ஆனால் மாதக் கடைசியில் எவ்வளவு பணம், எவ்வளவு நேரம் போச்சுன்னு கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. அதற்குக் காரணம், கேம் கரன்சி வடிவமைக்கப்பட்டிருக்கும் விதம்.

இரண்டு வகைக் காசு

பெரும்பாலான கேம்களில் இரண்டு கரன்சி உண்டு. ஆடி ஆடிச் சேர்ப்பது ஒன்று, ரூபாய் கொடுத்து வாங்குவது இன்னொன்று. பிஜிஎம்ஐயில் பிபி முதல் வகை, யூசி இரண்டாவது வகை. முதலாவதற்கு நம் நேரம் செலவாகிறது, இரண்டாவதற்குச் சம்பளம்.

மிச்சம் ஏன் எப்போதும் இருக்கிறது?

ஒரு உதாரணம். 100 காயின் பேக் 100 ரூபாய், உங்களுக்குப் பிடித்த ஸ்கின் 240 காயின் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேக் வாங்கியாக வேண்டும். ஸ்கின்னின் உண்மையான விலை 240 இல்லை, 300 ரூபாய். மிச்சம் கிடக்கும் 60 காயினுக்கு உருப்படியாக எதுவும் கிடைக்காது. 'இன்னும் ஒரு பேக் வாங்கினால் போதுமே' என்று தோன்ற வைப்பதே அந்த மிச்சம்தான்.

கிரேட் திறந்தால் கிடைக்குமா?

1% வாய்ப்பு என்றால் 100 கிரேட் திறந்தால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. ஆளுக்கு 100 கிரேட் வீதம் 100 பேர் திறந்தால், சுமார் 37 பேருக்கு அந்தப் பொருள் கிடைக்காது. வாய்ப்பு விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017-லும் கூகுள் பிளே 2019-லும் விதி கொண்டுவந்தன. வாங்கும் முன் அதைத் தேடிப் படியுங்கள்.

நேரத்துக்கு என்ன விலை?

கைக்கு வரும் சம்பளம் மாதம் 60,000 ரூபாய், 22 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால், உங்கள் ஒரு மணி நேரம் சுமார் 340 ரூபாய். 1,000 ரூபாய் டாப்-அப் என்பது ஏறக்குறைய 3 மணி நேர வேலை. சீசன் பாஸ் வாங்கினால் நேரமும் சேர்ந்து போகும். தினமும் 45 நிமிட மிஷன், 60 நாள் சீசன் என்றால் மொத்தம் 45 மணி நேரம். ஒரு முழு வேலை வாரத்தையும் தாண்டிவிடுகிறது. 'காசு கொடுத்தாச்சு, வீணாக்கக் கூடாது' என்றுதான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு முடிக்கிறோம்.

வரம்பு யார் வைப்பது?

தடைக்குப் பிறகு 2023 மே மாதம் திரும்பி வந்த பிஜிஎம்ஐ, 18 வயதுக்கு உட்பட்டோருக்கு நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு அறிவித்தது. ஆனால் தூக்கம் 8, ஆபீஸ் 9, டிராஃபிக் 2 மணி நேரம் போனால் உங்களிடம் மிஞ்சுவதே 5 மணி நேரம்தான். ஆக, 6 மணி நேர வரம்பு வேலைக்குப் போகிறவரைக் காப்பாற்றாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் கேம்களுக்குத்தான் தடை விதிக்கிறது. வெறும் ஸ்கின் வாங்கும் செலவு அந்தத் தடைக்குள் வராது. அந்த வரம்பை நாமேதான் வைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

• மாத பட்ஜெட்டை காயினில் போடாமல் ரூபாயில் போடுங்கள்.
• கார்டு விவரத்தை ஸ்டோரில் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட் பண்ணுங்கள்.
• பிடித்த பொருளை 24 மணி நேரம் கழித்து வாங்குங்கள்.
• சீசன் முடியும் தறுவாயில், எவ்வளவு முடித்திருக்கிறோம் என்று பார்த்துவிட்டு பாஸ் வாங்குங்கள்.
• தெரியாமல் வாங்கிவிட்டால், கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேளுங்கள். கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது.

எப்போது உதவி தேவை?

கேமிங் கோளாறை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆடுகிறீர்கள் என்பது மட்டும் அதற்கு அளவுகோல் அல்ல. கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட கேம் முக்கியமாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகியவைதான் அடையாளங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே ஷட் கிளினிக் 2014 முதல் இயங்குகிறது. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.