4 வரம் கேட்டவருக்குக் கடைசியில் மிஞ்சியது என்ன? 'ட்விலைட் ஸோன்' பூதத்தின் கதை

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டால் வாழ்க்கையே செட்டில் என்றுதான் பலரும் நினைப்போம். ஆனால் கேட்டது அப்படியே கிடைத்து, அதுவே வினையாகிப் போனால்? அந்தக் கதைதான் 'தி மேன் இன் தி பாட்டில்'. அமெரிக்காவின் 'தி ட்விலைட் ஸோன்' தொடரில், 1960 அக்டோபர் 7-ம் தேதி சிபிஎஸ் சேனலில் ஒளிபரப்பான எபிசோட் இது. (முடிவு உட்பட முழுக் கதையும் கீழே இருக்கிறது.)

'ட்விலைட் ஸோன்' என்பது என்ன தொடர்?

1959 முதல் 1964 வரை வந்த தொடர். மொத்தம் 156 எபிசோடுகள். நம்ம ஊர் மெகா சீரியல் மாதிரி தொடர்கதை கிடையாது. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை, புது மனிதர்கள். தொடரை உருவாக்கிய ராட் செர்லிங் மட்டும் 92 எபிசோடுகளை எழுதினார். இதுவும் அவர் எழுதியதுதான். இயக்கியவர் டான் மெட்ஃபோர்ட்.

கதை என்ன?

ஆர்தர் கேஸில் பழம்பொருள் கடைக்காரர். கடையில் வியாபாரம் இல்லை, கடன் மட்டும் ஏறுகிறது. அந்த நிலையிலும், காசுக்குத் தேறாத ஒரு பழைய பாட்டிலோடு வரும் ஏழை மூதாட்டிக்கு இரக்கப்பட்டு ஒரு டாலர் கொடுக்கிறார். அந்தப் பாட்டிலிலிருந்து புகையாகக் கிளம்பி, கோட் சூட்டோடு நிற்கிறது பூதம். ஆர்தருக்கும் மனைவி எட்னாவுக்கும் சேர்த்து 4 வரம்.

வரம் 1: நிஜமா என்று சோதிக்க, கடையில் உடைந்த கண்ணாடி அலமாரியைச் சரிசெய்யச் சொல்கிறார். உடனே சரியாகிறது.

வரம் 2: 10 லட்சம் டாலர். அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறார்கள். அப்புறம்தான் வருமான வரி அதிகாரி வருகிறார். வரி போக, கொடுத்தது போக, கையில் நிற்பது வெறும் 5 டாலர்!

வரம் 3: பணம் வேண்டாம், அதிகாரம் வேண்டும். இந்த நூற்றாண்டில், நவீன நாடு ஒன்றின் தலைவர் ஆக வேண்டும். ஓட்டுப் போட்டு யாரும் இறக்க முடியாத தலைவர். கண் திறந்தால் பெர்லின் பதுங்கு அறை, போரின் கடைசி நாட்கள். ஆர்தர் இப்போது ஹிட்லர்!

வரம் 4: வேறு வழியே இல்லை. பழைய ஆர்தராகவே திரும்ப வேண்டும் என்று கேட்கிறார்.

அப்போ பூதம் ஏமாற்றியதா?

இல்லை. எதைக் கேட்டாலும் அதன் பின்விளைவுக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று பூதம் சொல்லிவிடுகிறது. பணம் வந்தது, வரியும் வந்தது. அந்தக் கால அமெரிக்காவில் தனிநபர் வருமான வரியின் மிக உயர்ந்த விகிதம் 91%. அந்த விகிதம் உச்ச அடுக்கில் வரும் தொகைக்கு மட்டும்தான். ஆனாலும் லட்சாதிபதிகளுக்கு அது பெரிய அடி.

மூன்றாவது வரத்தில் எது சிக்கல்?

'ஓட்டுப் போட்டு இறக்க முடியாத' என்ற நிபந்தனைதான். ஆர்தர் கெட்டவர் இல்லை. பதவி பறிபோகக் கூடாது என்ற பயத்தில் போட்ட நிபந்தனை அது. ஆனால் நிஜ வரலாற்றில் அப்படி ஒரு தலைவர் எப்படி உருவானார்? 1933 ஜனவரியில் ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர் ஆனார். அதே ஆண்டு ஜூலையில், நாஜி கட்சி தவிர வேறு கட்சியே கூடாது என்று சட்டம் வந்தது. அதன் பிறகு மக்கள் ஓட்டால் அவரை இறக்க வழியில்லை. 1945 ஏப்ரல் 30-ல் அவர் தற்கொலை செய்துகொண்டபோது ஐரோப்பாவின் பெரும்பகுதி நாசமாகியிருந்தது.

எழுதிய செர்லிங்கும் அந்த உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் பாராசூட் படையில் இருந்தவர், பிலிப்பைன்ஸில் சண்டையிட்டவர். எபிசோட் வந்த அடுத்த மாதமே அமெரிக்காவில் அதிபர் தேர்தல். கென்னடியும் நிக்சனும் மோதினார்கள்.

முடிவு என்ன?

ஆர்தர் கடைக்குத் திரும்புகிறார். கடனும் அப்படியேதான் இருக்கிறது. கூட்டும்போது துடைப்பக் கட்டை பட்டு, முதல் வரத்தில் சரியான கண்ணாடியும் உடைகிறது. 4 வரத்துக்கும் கையில் எதுவும் இல்லை. ஆனாலும் ஆர்தரும் எட்னாவும் சிரிக்கிறார்கள்.

உடைந்த பாட்டில் துண்டுகள் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. அங்கே அவை மீண்டும் ஒன்றுசேர்ந்து, அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கின்றன.